நான் கொடுத்த நிரை

என் வாயைப் பற்றி எங்கள் எஸ்டேட்டில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சிசிலி லயத்து வாசலில் நின்று சத்தம் போட்டால் மேலே ஃபாக்டரி வரைக்கும் கேட்கும் என்பார்கள். கேட்கும்தான். கூரை ஒழுகுகிறது என்று மூன்று மாதம் சொல்லியும் ஆள் வராதபோது, குடையும் பாயுமாக மானேஜர் பங்களா வாசலில் போய்ப் படுத்தவள் நான். இருபத்தேழு வருடமாகக் கொழுந்து எடுக்கிறேன். யாருக்காவது பயந்து வாயை மூடினேன் என்று ஒருத்தி சொல்லட்டும் பார்க்கலாம். ஒரே ஒரு நாள் மூடினேன். அது இங்கே ஒருத்திக்கும் தெரியாது.

மோனிஷாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த வீடு. எட்டு வருடத்துக்கு முன்னால் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியிலிருந்து லோகேஷுக்கு வாக்கப்பட்டு வந்தாள். லோகேஷ் மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். வந்த புதிதில் அவள் பேச்சைக் கேட்டு லயமே சிரித்தது. அட்டையைப் பார்த்து, "ஐயோ, இது கால்ல ஏறுதுங்க, எடுத்து உடுங்க" என்று அட்டைக்கே மரியாதை கொடுக்கிற மாதிரி அலறுவாள். நான்தான் உப்புத் துணி கட்டிக் கொடுத்தேன். கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டப் பழக்கியதும் நான்தான். அவளும் எதற்கெடுத்தாலும் "அக்கா, அக்கா" என்று என் பின்னாலேயே திரிந்தாள். என் மகன் ஜின்சன் எறணாகுளத்தில் வேலைக்குப் போன பிறகு, என் வீட்டில் மீன் குழம்பு வைத்தால் முதல் கிண்ணம் அவளுக்குத்தான்.

எட்டு வருடமாக அவளுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு தடவை வந்து தங்காமல் போனது. மூன்றாவது தடவை நாள் தள்ளியபோது யாரிடமும் சொல்லாமல் என்னிடம் மட்டும் வந்து, என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். நான் அழுதேன். அவள்தான் என்னைத் தேற்றினாள். மூன்று மாதம் தாண்டியது, நான்கு தாண்டியது. ஐந்தாம் மாதம் வயிறு எடுப்பாகத் தெரிந்தது. அவள் கோயிலுக்கு அவள் நேர்ந்துகொண்டாள், மாதாவுக்கு நான் நேர்ந்துகொண்டேன். இந்தப் பிள்ளை நல்லபடியாகப் பிறந்துவிட வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் கும்பிட்டேன்.

இனி என் வீட்டுக்காரர். பெயர் சிலுவைராஜ். ஃபாக்டரியில் காலை ஷிப்ட். பரம சாது. எனக்கும் சேர்த்து அவர் அமைதியாக இருக்கிறார் என்று ஊரே சொல்லும். அவருக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம், பன்றிக்குச் சுருக்கு வைப்பது.

கெட்ட பழக்கம் என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நான் அப்படி நினைக்கவில்லை. லயத்துக்குப் பின்னால் எங்களுக்கெல்லாம் துண்டு துண்டாகத் தோட்டம் உண்டு. பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு போடுவோம். கிழங்கு விளைந்து வரும் நேரம் பார்த்துப் பன்றிக் கூட்டம் இறங்கும். ஒரே இராத்திரியில் உழுது போட்டதுபோல் ஆக்கிவிட்டுப் போகும். காலையில் எழுந்து பார்த்தால் வயிறு எரியும். மனு கொடுத்தோம், பஞ்சாயத்தில் சொன்னோம், வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். அப்புறம் மனிதன் என்ன செய்வான்?

அவர் ஜீப் பட்டறையிலிருந்து பழைய கிளட்ச் கேபிள் கம்பி வாங்கி வருவார். அதை நெருப்பில் காட்டி எண்ணெய் வாடையைப் போக்குவார். பிறகு பச்சைத் தேயிலையைக் கசக்கி அதன்மேல் தேய்ப்பார், மனித வாடை தெரியக் கூடாது. பன்றி போகிற தடத்தில், செடியில் சேறும் மயிரும் ஒட்டியிருக்கிற இடமாகப் பார்த்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வளையம் நிற்கும். மறுமுனை மரத்தின் வேரில் கட்டியிருக்கும். இழுக்க இழுக்க இறுகும். மாட்டினால் விடியுமுன் போய் அறுத்து, தீயில் வாட்டி, லயத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். மிளகு போட்டு வறுத்து எல்லோரும் சாப்பிட்டோம். மூச்சு விடமாட்டோம். ஏனென்றால் வனம்வகுப்புக்காரர்கள், வனத்துறை ஆட்கள், பிடித்தால் கேஸ், ஜெயில், வேலை போகும், வேலை போனால் லயத்து வீடும் போகும்.

அவர் சுருக்கு வைக்கிற இடம் எங்கே தெரியுமா? என் நிரையில்.

தேயிலையில் நிரை என்றால் ஒருத்தி வெட்டிக்கொண்டு போகிற வரிசை. எங்கள் எஸ்டேட்டில் எந்தத் தேயிலைக் காட்டுக்குப் போனாலும் அவரவர் நிரை அவரவருக்கு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த இடத்துக்குச் சுற்று வரும், அவள்தான் அதில் ஏற வேண்டும். இன்னொருத்தி நிரையில் கத்தரி வைப்பது அவள் அடுப்பில் உலை வைப்பது மாதிரி. அப்படிச் செய்தவள் முகத்தில் யாரும் முழிக்கமாட்டார்கள். பதினாலாம் நம்பர் தேயிலைக் காட்டில் என் நிரை மேல் ஓரம். ஜீப் ரோட்டை ஒட்டி மட்டமாகப் போய், கடைசியில் கிராண்டிஸ் மரக்காட்டின் புதரில் முட்டும். பன்றி இறங்குகிற வழியும் அந்த முனைதான். வேறு ஒருத்தி கால் வைக்கமாட்டாள் என்பதால்தான் அவர் தைரியமாக அங்கே வைத்தார். சுற்று வருகிற நாளில் விடியக்காலையே போய் எடுத்துவிடுவார். ஆறு வருடமாக ஒரு பிசகு நடந்ததில்லை.

ஓணம் முடிந்த வாரம் அது. அன்றைக்குப் பதினாலாம் நம்பர் சுற்று. விடிகிறபோது ஒற்றை யானை கிராண்டிஸ் காட்டில் நிற்கிறது என்று எல்லோர் போனிலும் வாட்ஸப் வந்துவிட்டது. அவர் மேலே போக முடியவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. நான் சோற்றை டப்பாவில் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்தா, கேட்டியா? மேல் முனையில சுருக்கு கெடக்கு. கடைசி நாலு செடியைத் தொடாத. சாயங்காலம் யான போனதும் நான் எடுத்துக்கிடுதேன்."

"சரி சரி, போங்க."

"காதுல வாங்குனியா?"

"நாலு செடி, தொடமாட்டேன். எத்தன தடவ சொல்லுவீக?"

காதில் வாங்கினேன். வாங்காமல் இல்லை.

மஸ்டரில் ஆள் கணக்குக்குப் பேர் கொடுத்துவிட்டு எல்லோரும் மேலே ஏறினோம். யானை அடுத்த மலைக்குப் போய்விட்டது என்று சொல்லி எங்களைத் தேயிலையில் இறக்கினார்கள். காக்கிச் சட்டை போட்ட வனம்வகுப்பு வாட்சர் இரண்டு பேர் ரோட்டில் காவலுக்கு நின்றார்கள். சூப்பர்வைசர் டிஜோ அவர்களோடு பேசிக்கொண்டிருந்தான். சின்னப் பையன், தொடுபுழாக்காரன், கெட்டவன் இல்லை. ஆனால் பேப்பர் இருந்தால்தான் சாமியையே நம்புவான்.

மோனிஷாவுக்கு அந்தத் தேயிலையில் நடு நிரை. செங்குத்து. மழைக்குக் கல் பெயர்ந்து கிடந்தது. அவள் வயிற்றோடு அதைப் பார்த்து நின்றதும் எனக்குப் பொறுக்கவில்லை.

"டிஜோ சாரே, இந்தப் பிள்ளைக்கு நர்சரியில லேசான வேல குடு. அஞ்சு மாசம், கண்ணு தெரியலையா?"

"சேச்சி, டாக்டர் லெட்டர் கொண்டு வரட்டே. லெட்டர் இல்லாம நான் எங்ஙனெ மாத்தும்?"

"வயித்தப் பார்த்தா தெரியாதா? அதுக்கும் லெட்டரா? உன்ன உங்கம்மா பெக்கும்போது லெட்டர் வச்சா பெத்தா?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வாட்சர்களும் சிரித்தார்கள். டிஜோ முகம் சிவந்துபோனது. "ரூல் ரூல்தான் சேச்சி" என்றான். அந்த வார்த்தை எனக்குச் சுள்ளென்று ஏறியது.

"ரூலை நீயே வச்சுக்கோ. மோனிஷா, நீ என் நிரையில ஏறுட்டி. மட்டமா இருக்கு, ரோட்டு ஓரம். நான் உன் நிரையில இறங்குதேன். யாரு கேக்கான்னு பார்க்கேன்."

"வேண்டாமுங்க்கா. உங்க நிரையில நான் எப்படிங்க..."

"போட்டீ சும்மா. என் நிரை, நான் குடுக்கேன்."

என் நிரையை நான் அதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை. பெண்கள் எல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிசிலி தன் நிரையையே கொடுத்துவிட்டாளே என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது. பெருமையாக இருந்தது. கோபமும் பெருமையும் சேர்ந்து தலையில் ஏறிக்கொண்டது, காலையில் அவர் சொன்னது சுத்தமாக மறந்துபோனது. இது சத்தியம். மாதா மேல் சத்தியம், அந்த நேரத்தில் எனக்கு நினைவே இல்லை.

பத்து மணி வரைக்கும் செங்குத்தில் சறுக்கிச் சறுக்கி வெட்டினேன். மூச்சு வாங்கியது. நல்லவேளை, இந்தப் பிள்ளையை இதில் இறக்காமல் விட்டேன் என்று நினைத்துக்கொண்டு, நிமிர்ந்து அவளைத் தேடினேன். மேலே மோனிஷாவின் சிவப்புத் தலைத்துணி தெரிந்தது. அடேயப்பா, வேகமாகப் போயிருக்கிறாளே என்று பார்த்தேன். புதருக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.

அப்போதுதான் நினைவு வந்தது.

கத்தரியைக் கீழே போட்டேன். கூப்பிடு தூரம்தான். நான் வாயைத் திறந்து "கம்பி கெடக்குட்டி, நில்லு!" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், அவள் நின்றிருப்பாள். என் சத்தம் கேட்காத மலையா அது?

ஆனால் அவளுக்கும் எனக்கும் நடுவே ரோட்டில் இரண்டு காக்கிச் சட்டைகள் நின்றன. பக்கத்தில் டிஜோ, காலையில் நான் நாறடித்த டிஜோ. கம்பி என்று சொன்னால் யார் வைத்தது என்று கேட்பார்கள். சிசிலியின் நிரையில் சிசிலிக்குத் தெரிந்த கம்பியை வேறு யார் வைத்திருப்பார்கள்? இதெல்லாம் ஒரு நொடிக்குள் என் மண்டையில் ஓடியது. வாய் திறந்தது. வந்தது வேறு வார்த்தை.

"மோனிஷா! டீ குடிக்க வாட்டி!"

அவள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள். கையை ஆட்டினாள்.

"இன்னும் நாலே செடிதானுங்க்கா! முடிச்சுட்டு வந்துடறேன்!"

"வெட்டுனது போதும், வா!"

"உங்க நிரைய அரைகொறையா உடலாமுங்களா?"

நான் மேலே ஏறினேன். ஓடவில்லை. ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று அந்த ஆட்கள் பார்ப்பார்கள் என்று நடந்தேன். வேகமாக நடந்தேன், ஆனால் நடந்துதான் போனேன். வாட்சர்களைத் தாண்டும்போது ஒருவன், "சேச்சி, சாயா உண்டோ?" என்று கேட்டான். நான் அவனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தேன். நினைத்தால் என் முகத்தை நானே கிழித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசிச் செடியை அந்தப் பக்கமாக நின்று வெட்டுவதற்கு மோனிஷா காலை எடுத்து வைத்தாள். அங்கே ஒரு காண், மழைத் தண்ணீர் போக வெட்டிய ஆழமான வாய்க்கால், கரையெல்லாம் கல். அவள் கால் பின்னால் இழுபட்டது. கத்தரி ஒரு பக்கம் பறந்தது. குப்புற, வயிறு கல்லில் மோத, காணுக்குள் விழுந்தாள். சத்தம்கூடப் போடவில்லை.

அப்போது ஓடினேன். முதலில் போய்ச் சேர்ந்தது நான்தான். கண்ணை மூடிக் கிடந்தாள். கணுக்காலில் கம்பி இறுகியிருந்தது. முதலில் அவளைத் தூக்கவில்லை நான். முதலில் கம்பியைத் தளர்த்தி, காலிலிருந்து உருவி, பெரணிச் செடிக்குள் தள்ளி மண்ணைப் போட்டேன். அப்புறம்தான் வாய் திறந்து கத்தினேன். அந்தக் கத்தல் ஃபாக்டரி வரை கேட்டிருக்கும்.

யாருக்குப் பயந்தேனோ அவர்கள்தான் ஓடி வந்தார்கள். வாட்சர் இரண்டு பேரும் அவளைக் கைத்தொட்டில் மாதிரி தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். ஒருவன் தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவள் மேல் போட்டான். டிஜோ அழுதுகொண்டே ஜீப்பை எடுத்தான். வழி முழுக்க, "லெட்டர் கேட்டது என்றெ தெற்று, என்றெ தப்பு" என்று புலம்பிக்கொண்டே ஓட்டினான். பின் சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது. என் சேலையெல்லாம் ரத்தம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் காலைப் பார்த்துவிட்டு, "இதெந்தா, இப்படி வட்டமா?" என்று கேட்டார்.

"கொடி சுத்திருச்சு டாக்டர். கொடி தடுக்கித்தான் விழுந்தா."

அந்தப் பொய் எவ்வளவு லேசாக வந்தது!

பெண் பிள்ளை. கையகலம்கூட இல்லை. விரல்கள் எல்லாம் இருந்தன. ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். லோகேஷ் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வராந்தாவில் நின்றான். என்னைக் கண்டதும் என் காலில் விழ வந்தான். "அக்கா, நீங்க மட்டும் பக்கத்துல இல்லன்னா அவளும் போயிருப்பா அக்கா." நான் அவனைத் தூக்கி நிறுத்தினேன். வேறு என்ன செய்ய?

மாலையில் லயத்துக்கு மேலே, சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். குழி தோண்ட லோகேஷுக்குக் கை வரவில்லை. "சிலுவைராஜ் அண்ணே, நீங்க தோண்டுங்க" என்றான். அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. நேராகப் பதினாலாம் நம்பருக்குப் போய், மண்ணுக்குள் கிடந்த கம்பியைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அவர் தோண்டினார். மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளினார். தோண்டி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும், "நான் போய் லோகேஷ்கிட்ட சொல்லிருதேன்" என்றார். "போலீஸ்ல குடுக்கட்டும், அடிக்கட்டும், எதுன்னாலும் சரி. நீ மறந்துட்ட, மனுஷின்னா மறக்கத்தான் செய்வா. வச்சது நான்தான?"

நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். "வாயத் திறந்தீகன்னா நான் கயித்துல தொங்கிருவேன்" என்றேன். அவர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து வாயை மூடிக்கொண்டார். எனக்குப் பத்து மணிக்கு நினைவு வந்ததை அவரிடமும் நான் சொல்லவில்லை. அன்றோடு சுருக்குக் கம்பிகளையெல்லாம் ஃபாக்டரி அடுப்பில் போட்டுவிட்டார். கிழங்கைப் பன்றி தின்றுவிட்டுப் போனது. நாங்கள் தோட்டத்துப் பக்கமே போகவில்லை.

மோனிஷா ஒரு வாரம் கழித்துத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். இனிமேல் பிள்ளை தங்குவது கஷ்டம் என்று டாக்டரம்மா லோகேஷிடம் சொல்லியிருந்தார். வீட்டுக்குள்ளேயே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் கஞ்சி கொண்டுபோனேன், தலை சீவிவிட்டேன், வெந்நீர் வைத்துக் குளிக்க வைத்தேன். வருகிற போகிற பெண்கள் எல்லாம் என்னைத்தான் புகழ்ந்தார்கள். "கூடப் பிறந்தவகூட இப்படிப் பார்க்கமாட்டா." ஒவ்வொரு தடவையும் யாரோ கன்னத்தில் அறைவது போல் இருக்கும்.

மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சாமியார், "அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். நான் எழுந்து வந்துவிட்டேன். ஆண்டவரிடம் சொல்வதற்கு எனக்குப் பயம் இல்லை. அவர் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

நாற்பது நாள் தாண்டியிருக்கும். லோகேஷ் எஸ்டேட்டை விட்டே போவதாக முடிவு செய்தான். எலப்புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்திருந்தது. அவள் அம்மா வீட்டோடு இருந்தால் மனசு தேறும் என்றான். மறுநாள் கிளம்ப வேண்டும். அன்றைக்கு மத்தியானம் லோகேஷ் மூணாறுக்குப் போயிருந்த நேரம், நான் அவள் வீட்டுக்குள் போனேன். துணிகளை மடித்து அட்டைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க்கா. உக்காருங்க."

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தேன், உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன்.

"மோனிஷா, அது கொடி இல்லட்டி. கம்பி. எங்க வீட்டுக்காரரு பன்னிக்கு வச்ச கம்பி."

அவள் ஒரு பாவாடையை மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"தெரியுமுங்க்கா."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை.

"கால இழுத்தப்பவே தெரிஞ்சுதுங்க. நீங்க கழட்டி மண்ணப் போட்டீங்களே, அப்ப முழிச்சுத்தான் இருந்தனுங்க. கண்ணத் தொறக்கறதுக்குத் தெம்பில்ல."

"லோகேஷுக்கு?"

"சொல்லலீங்க. கொடி தடுக்கிருச்சுன்னே நானுஞ் சொன்னனுங்க." அவள் குரல் அழுகிற குரலாக இல்லை, களைத்துப்போன குரலாக இருந்தது. "சொன்னா அவரு சும்மா இருக்கமாட்டாருங்க. அண்ணன் பாவமுங்க. நீங்களும் பாவந்தானுங்களே. என்ற மேல இருந்த பாசத்துல நிரையக் குடுத்தீங்க, கம்பிய மறந்து போயிட்டீங்க. தெனமும் அதைத்தானுங்க நெனச்சுக்குவேன். அக்கா வேணும்னு பண்ணல, மறந்துட்டாங்க, அம்புட்டுத்தான்னு. அப்படி நெனச்சாத்தானுங்க சோறு எறங்குது."

இந்த இடத்தில் நான் "ஆமாட்டி" என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவள் கையைப் பிடித்து அழுதிருக்கலாம். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்போம். ஆனால் நாற்பது நாளாக அடக்கி வைத்த வாய், திறந்தபிறகு நிற்கவில்லை.

"குடுக்கும்போது மறந்துட்டேன். அது சத்தியம். ஆனா பத்து மணிக்கு எனக்கு ஞாபகம் வந்துருச்சுட்டி."

மோனிஷாவின் கை நின்றது. முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"டீ குடிக்க வான்னு கூப்புட்டீங்களே, அப்பவா?"

"அப்பத்தான்."

"ஞாபகம் வந்துதானுங்க டீன்னு கூப்புட்டீங்க?"

"வனம்வகுப்பு ஆளுக நின்னாகட்டி. கம்பின்னு சொன்னா எங்க வீட்டுக்காரரப் புடிச்சிட்டுப் போயிருவாகன்னு..." நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். "நான் வேகமா வந்தேன்டி. வந்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவள் அட்டைப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள், அடிப்பாள், முடியைப் பிடித்து இழுப்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். அப்படிச் செய்திருந்தால் அவளுக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

"மறந்துட்டேன்னே சொல்லியிருக்கலாமுங்க" என்றாள்.

அவ்வளவுதான். அந்தப் பேச்சில் "அக்கா" இல்லை. எட்டு வருடத்தில் முதல் தடவையாக இல்லை. அப்புறம் எழுந்து, விட்ட இடத்திலிருந்து துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். நான் நிற்பதையே மறந்துவிட்டவள் போல மடித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே வந்தேன்.

மறுநாள் காலை ஜீப்பில் சாமான்களை ஏற்றிவிட்டு லோகேஷ் எங்கள் வீட்டுக்கு வந்தான். ஒரு சேலையும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தான். அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"அக்கா, இது உங்களுக்கு. இந்த மலையில எங்களுக்கு உங்கள விட்டா யாரு இருந்தா? அண்ணே, போயிட்டு வாரோம்."

சிலுவைராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். நான் தட்டை வாங்கினேன். வாங்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பான். வாசலில் ஜீப்பின் முன் சீட்டில் மோனிஷா உட்கார்ந்திருந்தாள். லயத்துப் பெண்கள் எல்லாம் அவள் கையைப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். நானும் போய் நின்றேன். எல்லோரும் எனக்கு வழிவிட்டார்கள், கிட்டப் போகட்டும் என்று. அவள் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்தில் பேச முடியவில்லை என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். "அழாத சிசிலி, திரும்ப வருவா" என்று ஒருத்தி என் தோளைத் தட்டினாள்.

அவள் வரமாட்டாள். போனும் செய்யமாட்டாள். எலப்புள்ளியில் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தால் எனக்கு யாரும் சொல்லப் போவதில்லை. பிறக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன்.